ஒப்புவி என்னும் பொத்தான்

ஒரு சொல்லால் நான் செய்த பிழை, ஓர் ஆசிரியையின் வகுப்பின் மேல் சில நாள் பழியாக நின்றது. இதை எழுதி வைக்காவிடில் அந்த வாரத்தின் விடைப் பட்டியல் ஒன்றே சான்றாக எஞ்சும். அப்பட்டியல் பொய் சொல்லும்.

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றுத் திருப்பதியில் வாழும் என்னிடம், ஆந்திர எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கான கற்றல் மேலாண்மைத் தளத்தின் திரைச்சொற்களைத் தமிழாக்கும் பணி வந்தது. பிள்ளைகள் கையடக்கக் கணினியில் பாடம் படித்து, விடை எழுதி, இறுதியில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் விடை ஆசிரியரின் பட்டியலில் சேரும். அப்பொத்தானுக்கு மூன்று நாள் எண்ணிப் பார்த்து 'ஒப்புவி' என்று வைத்தேன். உரியவரிடம் சேர்ப்பித்தல் என்னும் பொருள். அச்சொல்லின் மேல் எனக்குக் காதலே உண்டாயிற்று.

விஜயபுரத்தை அடுத்த பள்ளியொன்றின் ஆறாம் வகுப்பு ஆசிரியை ஒரு புதன்கிழமை தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, பசங்க தினம் செஞ்சிக்கினுதான் இருக்காங்க. லிஸ்ட்டுல பார்த்தா எல்லாம் ஜீரோ. சனிக்கிழமைக்குள்ள எதுவும் ஏறலன்னா ஆபீஸ்ல டேப்புலருந்து தமிழ்ப் பக்கத்த எடுத்துட்டு, பசங்கள தெலுங்குப் பக்கத்துல சேர்த்துடுவாங்களாம். பக்கத்து கிளாஸ் சாரு வேற, 'ஏம்மா, உன் பசங்க டேப்ல சினிமா பார்த்துக்கினு கீறாங்களா?'ன்னு கேக்கறாரு."

மறுநாள் புறப்பட்டேன். புத்தூர் கடந்ததும் பேருந்தின் அசைவில் கண் செருகிற்று. வேர்க்கடலைக் கொடி காயும் மணம் உறக்கத்தினுள்ளும் வந்துபோனது. இறங்கி நடக்கையிலும் துயில் முற்றும் கலையவில்லை. பள்ளியை நெருங்க நெருங்கத் தேனீக்களின் முரல்வு போன்றதோர் ஒலி வளர்ந்தது. கனவின் மிச்சம் என்றே கருதினேன்.

சாளரத்தைப் புங்கமரம் நிறைத்திருந்ததால் வகுப்பறையின் ஒளி பச்சையாக இருந்தது. கணினிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்து, அவற்றின்முன் கைகட்டி நின்று, பிள்ளைகள் பாடத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீர் ஆவியாகி முகிலாகும் பாடம். ஒரு குரலில் மழை பொழிய, அடுத்த குரலில் கடல் அப்போதுதான் சூடேறிற்று. எவ்வளவு நேரம் நின்று கேட்டேனோ, அறியேன்.

பாடத்தை வாசிக்கிறார்கள் என்றே ஆசிரியை எண்ணியிருந்தார். அவருடைய ஆசிரியர் பக்கத்தில் அந்தப் பொத்தான் கிடையாது.

"என்ன செய்கிறீர்கள்?" என்றேன்.

"ஒப்பிக்கிறோம் சார்," என்றாள் இரட்டைச் சடைச் சிறுமி ஒருத்தி. "கீழ ஒப்புவின்னு போட்டுகீதே. நேத்து மூணு வாட்டி ஒப்பிச்சேன். வாய் நோவுது. இது ஒரு வாட்டிகூட சரின்னு சொல்லல."

"டீச்சராச்சும் தலையாட்டுவாங்க," என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

மனப்பாடத்தைச் சொல்லிக் காட்டுவதற்கும் அதே சொல்தான். பள்ளிப் பிள்ளைகள் அறிந்த பொருள் அது ஒன்றே. வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்தவனுக்கு அது நினைவில் எழவில்லை.

"விடை எழுதிய ஏட்டை ஆசிரியையிடம் என்ன செய்வீர்கள்?"

"ஏடுன்னா?"

"நோட்டுடி," என்றார் ஆசிரியை.

"குடுப்போம் சார்."

அங்கேயே அமர்ந்து தளத்தைத் திறந்து சொல்லை மாற்றினேன்: 'ஆசிரியரிடம் கொடு.' எழுதிய விடைகள் அனைத்தும் கணினிகளுக்குள் அப்படியே காத்திருந்தன. பிள்ளைகள் அழுத்த அழுத்த, ஆசிரியையின் திரையில் பெயர்கள் புழுதியில் விழும் முதல் துளிகளைப்போல ஒன்றொன்றாகத் தோன்றின. அவர் ஒவ்வொரு பெயரின்மேலும் விரல் வைத்துப் பார்த்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்க ஐயா," என்று எழுந்தார். "இருங்க, அந்த சார இட்டாந்து காட்டறேன்."

சனிக்கிழமை கடந்தது. தமிழ்ப் பக்கம் நிலைத்தது. இரட்டைச் சடைச் சிறுமி மட்டும் இன்றும் ஒருமுறை ஒப்பித்துவிட்டே பொத்தானை அழுத்துகிறாளாம்.

அத்தளத்தில் நான் வைத்த சொற்கள் இன்னும் பல உள்ளன. எது எந்தப் பள்ளியில் பிள்ளைகளைக் கைகட்டி நிற்க வைத்திருக்கிறதோ, தெரியாது. அத்தகைய சொல்லைக் காண்போரும், இக்குறிப்பில் என் நினைவு பிறழ்ந்த இடத்தைக் காண்போரும் எனக்குத் திருத்தம் கொடுக்க வேண்டுகிறேன்.