அஜந்தா பார்த்த கச்சேரி

வெளிச்சக்காரர்களுக்கும் எங்களுக்கும் ஒத்துவராது. நான் காத்தான்குடி ஹலீம், ஒலிபெருக்கிக்காரன். பாட்டு நன்றாக இருந்தால் பாடியவனைப் புகழ்வார்கள். மேடை பளபளத்தால் வெளிச்சக்காரனைப் புகழ்வார்கள். மைக் ஒருதடவை கீச்சிட்டால் மட்டும் என்னைப் பெற்றவளை இழுப்பார்கள். அப்படிப்பட்ட நான் இன்றைக்கு ஒரு வெளிச்சக்காரனின் மனைவியைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். தேற்றாத்தீவு அஜந்தா போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் செய்த வேலைக்கு எந்த நோட்டீசிலும் பெயர் போடுவதில்லை.

அவள் புருசன் ஜெயந்தன். கோயில் திருவிழா, கலியாணம், பள்ளிக்கூட விழா எல்லாவற்றுக்கும் மூவிங் ஹெட் விளக்குப் போடுகிறவன். இந்த விளக்குகள் கழுத்தைத் திருப்பும், குனியும், நிமிரும், நிறம் மாறும். எந்தப் பாட்டில் எப்போது எது திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் அவன் லேப்டாப்பில் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவான். கச்சேரியில் பொத்தானை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாக வரும். நிறத்தையும் வேகத்தையும் வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் ஊருக்கு ஊர் மேடை வேறு, விளக்குத் தொங்கும் உயரம் வேறு. ஆகவே பாடகர் நிற்கப்போகும் இடத்தில் ஓர் ஆளை நிறுத்தி, ஒவ்வொரு விளக்கையும் அந்த ஆளின் முகத்துக்குக் கொண்டுவந்து பதிய வேண்டும். அந்த ஆள்தான் அஜந்தா.

பொழுது சாயும் நேரத்தில் அவள் மேடையில் ஏறி நிற்பாள். மைதானத்தின் அடுத்த கோடியில் ஜெயந்தன் லேப்டாப்போடு இருப்பான். வலப்பக்கம் தள்ளு என்பான் அவன். அவள் தள்ளுவாள். அந்த வலம் இல்லை, மற்ற வலம் என்பான். வலம் இடம் தெரியாத மனிசனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டேனே என்று என் மைக்கை வாங்கி ஊருக்கே கேட்கச் சொல்வாள். கோயில் வாசலில் கற்பூரம் விற்கிறவர்கள் முதல் ஐஸ்கிறீம்காரன் வரை சிரிப்பார்கள். நானும் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.

வேலை முடிந்து சனம் பாயோடு வந்து இடம் பிடிக்கத் தொடங்கும்போது அவள் பஸ் ஏறிவிடுவாள். வீட்டில் மகள் தனியே இருப்பாள், கோழி அடைக்க வேண்டும், சோறு ஆக்க வேண்டும். இத்தனை வருசத்தில் ஒரு கச்சேரியைக்கூட அவள் இருந்து பார்த்ததில்லை. அது எங்கள் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

ஒருநாள் மேடைக்குப் பின்னால் மூவரும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

“நானா, இதுகள முன்னால இருந்து பாத்தா எப்பிடி இரிக்கும்?” என்று அவள் என்னிடம் கேட்டாள். எங்கள் ஆட்களிடம் நானா என்றால் அண்ணன்.

நான் பகிடி என்று நினைத்தேன். ஜெயந்தனும் சிரித்தான். அத்தனை வெளிச்சமும் உன் முகத்தில்தானே விழுகிறது, உன்னைவிடக் கூடுதலாகப் பார்த்தவர் யார் என்றான்.

“உள்ளுக்கு நிண்டா கண் கூசுறதுதான் மிச்சம். ஒண்டும் தெரியாது,” என்றாள்.

அப்போதுதான் அவன் சிரிப்பை நிறுத்தினான். குருக்கள்மடத்துத் திருவிழாவுக்கு உன்னை முன்வரிசையில் இருத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தான். அந்த வருசம் மழை பிடித்துக் கச்சேரியே நடக்கவில்லை. அடுத்த வருசம் மகளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வருசம் மாமியார் செத்து அந்தியேட்டிக் கிரியை. கச்சேரி எங்கே ஓடிவிடப்போகிறது என்று எல்லோரும் இருந்தோம்.

வயிற்றுக்குத்து என்று அவள் இஞ்சியும் மல்லியும் அவித்துக் குடித்துக்கொண்டே மேடையில் நின்றிருக்கிறாள். கொழும்புக்குக் கொண்டுபோனபோது பிந்திவிட்டது. புற்று ஈரலுக்கும் போய்விட்டதாம். வீட்டில் வைத்து, கேட்டதைக் கொடுத்துப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அவள் கேட்டது ஒன்றுதான். குருக்கள்மடத்துக் கச்சேரி.

அந்த மாதங்களில் அவள் இடத்தில் என்னுடைய மைக் ஸ்டாண்டை நிறுத்தி அதன் தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்துத்தான் ஜெயந்தன் வேலை பார்த்தான். ஸ்டாண்டை எவ்வளவு உயர்த்துவது என்று அவன் அளக்கவே இல்லை. கையை வைத்து இழுத்து, சரியாக அவள் உயரத்தில் நிறுத்துவான். பிறகு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஸ்டாண்டைத் தா, நேரமாகிறது என்று கத்துகிற நான் அந்த நேரம் வேறு ஸ்டாண்ட் தேடிப் போய்விடுவேன்.

திருவிழாவன்று முன்வரிசையில் கைபிடி வைத்த கதிரை ஒன்றைப் போட்டு, தலையணை இரண்டை வைத்தான். நான் என் தம்பி இல்ஹாமிடம் ஒலி மிக்சரைக் கொடுத்துவிட்டு என் வான் வண்டியை எடுத்துக்கொண்டு தேற்றாத்தீவுக்குப் போனேன். பின்சீட்டைக் கழற்றி மெத்தை போட்டிருந்தேன். அஜந்தா மாம்பழ நிறச் சேலை கட்டிக் காத்திருந்தாள். அந்தச் சேலைக்குள் ஆள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மகளும் நானும் தூக்கிக் கிடத்தினோம். ஒரு குழந்தையின் பாரம்கூட இல்லை.

ஆமை வேகத்தில்தான் ஓட்டினேன். ஆனாலும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. செட்டிபாளையத்தில் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்தாள்.

“திருப்புங்க நானா. ஏலாது.”

இன்னும் கொஞ்சத் தூரம்தான். அங்கே வானத்தில் அவன் விளக்குகள் அசைவது தெரிந்தது. நான் வானை ஓரங்கட்டி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். பிறகு திருப்பினேன். போனில் சொன்னபோது ஜெயந்தன் சரி என்று மட்டும் சொன்னான். கச்சேரி தொடங்கிவிட்டது, அவனால் எழும்ப முடியாது. அந்தக் கதிரையில் இருக்கவா என்று கேட்டவர்களையெல்லாம் விரட்டிவிட்டு, கடைசிப் பாட்டு வரை விளக்கை ஓட்டினானாம்.

மறுநாள் காலையில் அவனே எனக்குப் போன் பண்ணினான். நேற்றைய பாட்டுகளைப் பதிந்து வைத்திருக்கிறாயா, கொண்டு வா என்றான். லேப்டாப்பில் இன்னொரு வசதி இருக்கிறது. மேடையை அப்படியே படமாகக் கட்டி, விளக்குகளையும் அதில் தொங்கவிட்டால், உண்மையான விளக்கு ஓடுவதுபோல எல்லாம் திரையில் ஓடும். வீட்டில் எழுதும்போது அவன் அப்படித்தான் சரிபார்ப்பது.

பின்னேரம் இரண்டு சின்ன ஸ்பீக்கரோடு போனேன். ஜன்னல்களைப் போர்வையால் மூடி அறையை இருட்டாக்கியிருந்தான். கட்டில் காலடியில் லேப்டாப்போடு பொருத்திய டிவி. மகள் தாயின் முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி வைத்திருந்தாள். டிவியில் குருக்கள்மடத்து மேடை வந்தது. மேலேயிருந்து அத்தனை வெளிச்சமும் நடுவில் வந்து குவிந்தது. அந்த இடத்தில் முகம் இல்லாத சாம்பல் நிறப் பொம்மை ஒன்று நின்றது.

“அது ஆரு?” என்று அஜந்தா கேட்டாள்.

“நீதான். ஒண்ட உயரத்துக்குத்தான் வச்சிரிக்கன்,” என்றான்.

அவள் அதை நெடுநேரம் பார்த்தாள்.

“என்னைய அதில இருந்து எடுத்திருங்க,” என்றாள்.

அவனுக்கு முகம் மாறிவிட்டது. ஆள் நின்றால்தான் வெளிச்சம் ஓரிடத்தில் தங்கும், எடுத்தால் நிலத்துக்குப் போய்விடும் என்று தொழில் காரணம் சொன்னான். கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருக்கட்டும் விடு என்றும் சொல்லிப் பார்த்தான்.

“அங்கயும் நிண்டுகொண்டு இஞ்சயும் இருந்து பாக்க ஏலுமா? நான் இண்டைக்குப் பாக்கப் போறன். எடுங்க.”

அவன் லேப்டாப்பில் அந்தப் பொம்மையைத் தெரிவுசெய்து வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். ஸ்பீக்கர் வயரைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அழித்துவிடும் பொத்தானில் அவன் விரல் படும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது நடுவில் யாரும் இல்லை. வெளிச்சமெல்லாம் பின்னால் சரிந்து மேடையின் வெறும் பலகையில் கிடந்தது.

“இப்ப பாட்டைப் போடுங்க நானா,” என்றாள் அஜந்தா.

போட்டேன். அவள் கடைசிப் பாட்டு முடியுமட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். சிவப்பு நீலமாகும்போது நல்லா இரிக்கு, நல்லா இரிக்கு என்று மகளின் கையைத் தட்டினாள். ஜெயந்தன் பாட்டைக் காதால் கேட்டே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான். அந்த வெறும் இடத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.