கினுவேயின் வீட்டில் குடியிருந்த மேலதிகாரி

ஒகயாமாவில் கினுவேயும் அவள் கணவன் தெத்சுவோவும் வீடு கட்டி, புதுப்பாயின் வாசம் போகுமுன்பே தெத்சுவோவுக்கு இடமாற்ற உத்தரவு வந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வீட்டுக்கடன் வாங்கியவன் வேலையை விடமாட்டான். அவனைத்தான் முதலில் வெளியூருக்குத் தூக்கியடிப்பார்கள். உத்தரவு போட்டவர் பணியாளர் பிரிவுத் தலைவர் குரமோச்சி. போகவேண்டிய இடம் வடகோடியில் குஷிரோ.

அதோடு விட்டாரா? காலியான வீட்டைக் கம்பெனி வாடகைக்கு எடுத்தது. அதில் குடும்பத்தோடு குடியேறியவர் அதே குரமோச்சி.

குஷிரோவில் கம்பெனிக் குடியிருப்பில் நான் அவர்களுக்கு அடுத்த வீடு. மகள் மியோவின் ஒகயாமாப் பேச்சைப் பள்ளிப் பிள்ளைகள் கேலி செய்ய, அவள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. பிறகு நீகாதாவுக்கு மாற்றல், பிறகு ககோஷிமாவுக்கு. கினுவே ஊர் திரும்பக் கேட்டபோதெல்லாம் குரமோச்சி, "எந்த ஊரும் பழகினா நம்ம ஊருதாம்மா" என்பார். அவர் மனைவியோ புத்தாண்டு வாழ்த்தில், அந்த வீட்டுத் தோட்டத்தில் தான் நட்ட பீச் பழமரம் காய்த்ததை எழுதுவாள். கினுவே அதைப் படித்துவிட்டுப் பல்லைக் கடிப்பாள்.

தெத்சுவோ ஓய்வு பெறும் சமயம் பார்த்து, வாடகை ஒப்பந்தத்தை இனி நீட்டிப்பதில்லை என்று கம்பெனிக்கு முறைப்படி தெரிவித்தாள். கெஞ்சினால் இறங்கிவிடுவாள் என்று, இன்னும் பதவியில் இருந்த குரமோச்சி அசட்டையாக இருந்தார். கெடு நெருங்கியதும், ஒகயாமாவுக்கே மாற்றலாகி வந்திருந்த என்னையும் அழைத்துக்கொண்டு கினுவே அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"என்னம்மா இது? பொண்ணுக்கு நிச்சயதார்த்தம் இங்கதான் வச்சிருக்கோம். வீட்ட நானே வாங்கிக்கிறேனே."

"விக்கறதா இல்லீங்க."

"இந்த வயசுல நாங்க எங்க போவோம்?"

"குஷிரோ நல்ல ஊருங்க ஐயா. பழகினா நம்ம ஊருதான்."

அவர் முகம் தொங்கிப்போனது. உள்ளே அவர் மனைவி விசும்பினாள். கினுவே இடுப்பு வளைய வணங்கிவிட்டுத் திரும்பினாள்.

அவர்கள் காலி செய்ததும் மியோவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"வீடு கைக்கு வந்துடுச்சுடி. நீ எப்ப வர்ற?"

"அங்க எனக்கு யாரைம்மா தெரியும்? நான் ககோஷிமாலயே இருந்துக்கறேன்."

கினுவே போனை வைத்துவிட்டு, ரம்பத்தை எடுத்துக்கொண்டு பீச் மரத்தடிக்குப் போனாள். தெத்சுவோ பதறினார்: "அடியே, மரம் என்னடி பண்ணுச்சு?"

"குரமோச்சி பொண்டாட்டி வச்சது இங்க நிக்கக்கூடாது. கயித்தப் பிடிங்க."

நாங்கள் பிடித்தோம். மரம் சாய்ந்தது. கினுவே கை கழுவிவிட்டு வந்து, சோற்றுருண்டையை நிதானமாகத் தின்றாள். அன்று பிற்பகல் அவள் அடித்துப்போட்டாற்போல் தூங்கியதை நான் பார்த்தேன்.