ஆவியில் வெந்த வேர்க்கடலை

கண்ணாடி ஜாடியில் மூன்று நாளாக அப்படியே நின்ற அந்த வெள்ளைப் பால் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வேர்க்கடலையை அரைத்துத் தண்ணீரில் கலக்கிச் சூடாக்கினால் எண்ணெய் தானாக மேலே வரும் என்று முதலாளியிடம் உறுதி சொல்லியிருந்தேன். வந்தது நுரைதான். எண்ணெய் பாலுக்குள்ளேயே பதுங்கிக்கொண்டது.

கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் திருவொற்றியூர்த் தெரு ஒன்றில் இருந்தது எங்கள் சிறிய எண்ணெய் ஆலை. அதுவரை, பெட்ரோல் போல மணக்கும் கரைப்பானை ஊற்றித்தான் அங்கே எண்ணெய் பிரித்தார்கள். நான் வேலைக்குச் சேருவதற்குச் சில மாதங்கள் முன்பு அந்த அறையில் தீப்பிடித்தது. உள்ளே சிக்கிய ஒருவரை இழுத்து வந்த, கொதிகலனைக் கவனிக்கும் பாய்லர் அண்ணனுக்கு இடது கை முழங்கை வரை வெந்துபோனது. அதன் பிறகுதான் முதலாளி தண்ணீர் முறைக்குச் சம்மதித்தார். மாதக் கடைசிக்குள் அது சரிவராவிட்டால் பழைய அறையையே திறந்துவிடுவார்.

பாய்லர் அண்ணன் கடலோரக் குப்பத்துக்காரர். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் படகுக்குப் போக, இவர் மட்டும் கம்பெனிக்கு வந்தவர். போகிற வழியில் என் ஜாடியை எட்டிப் பார்ப்பார். மூன்றாம் நாள் நின்றுவிட்டார்.

“இன்னா மேடம், இன்னும் பாலாவே கீது? பச்சையா அரைச்சா பாலுதான் வரும். கொஞ்சம் ஆவி காட்டி அரைச்சுப் பாரு.”

“ஈரம் ஏறிடும்ணா. வர்ற எண்ணெயும் குறைஞ்சிடும்.” படித்த திமிரில் சட்டென்று சொல்லிவிட்டேன்.

“ஈரத்த நான் பாத்துக்கறேன். நீ அரைச்சு மட்டும் குடு.”

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பிக் கூடை ஒன்றில் கடலையைப் பரப்பி ஆவி பாய்ச்சினார். பிறகு தட்டில் கொட்டி, பாய்லர் சூட்டிலேயே உலர்த்தினார். நம்பிக்கையே இல்லாமல் அரைத்துக் கலக்கினேன். சிறிது நேரத்தில் நுரை உடைந்தது. அதன் மேல் பொன்னிறமாக எண்ணெய் படர்ந்தது. எண்ணெய்த் துளிகளைக் கட்டிப் பிடிக்கும் புரதம் அரைப்பதற்கு முன்பே ஆவியில் இறுகிப் பிடியை விட்டிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அண்ணன் ஜாடியைப் பார்த்தபடி கேட்டது ஒன்றுதான்: “இனிமே அந்த ரூம ஒரேடியா பூட்டிடலாம்ல?”

அறை ஒரேயடியாகப் பூட்டப்பட்டது. நான் அறிக்கை எழுதினேன், என் பெயரை மட்டும் போட்டு. முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டியபோது, கூட்டத்தின் பின்வரிசையில் அண்ணனும் கை தட்டினார். தழும்பேறிய அந்தக் கையையும் சேர்த்துத் தட்டினார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் முதல் பக்கத்தை மாற்றினேன். அவர் பெயர் மேலே, என் பெயர் கீழே. பாய்லர் பக்கம் கொண்டுபோய்க் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததால் தமிழில் சொல்லச் சொன்னார். தன் பெயர் வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். ‘பத்து நிமிடம் ஆவி’ என்று நான் சொன்னதும் நிமிர்ந்தார்.

“பத்து இல்ல மேடம், பன்னெண்டு. எம்பேர போட்டுட்டல்ல, இனிமே தப்பா எழுதக் கூடாது.”

அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். நான் இப்போது மணலியில் வேறோர் ஆலையில் இருக்கிறேன். எந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பும், இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவரிடம் போய் அதை ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுகிறேன்.