மகளின் பக்கவிளைவுகள்

'அற்புதம்' என்ற சொல்லை ஒரே கோட்டில் தீர்த்துக்கட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார் கத்தரிக்கோல் சார். அங்கே 'புத்தம் புதிய' என்று இருக்கிறது. அதுவும் காலி. பக்கத்துப் படத்தில் ஒரு பெண்மணி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். "மூட்டுவலிக்காரங்க இவ்வளவு சிரிப்பாங்களாய்யா? வாயை மூடச் சொல்லு" என்று படம் போட்டவரிடம் தாளைத் திருப்பி நீட்டுகிறார்.

மருந்துக் கம்பெனியில் அவருக்கு இதுதான் வேலை. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே கிடைக்கும் மாத்திரைகளைப் பொதுஜனத்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்பது சட்டம். விவரம் சொல்லலாம், ஆசை காட்டக் கூடாது. நல்லதைச் சொன்ன வாயாலேயே கெட்டதையும் சொல்லிவிட வேண்டும். 'இதைக் கேட்டு வாங்குங்கள்' என்பதை மறந்தும் உச்சரிக்கக் கூடாது. வெளியே போகிற ஒவ்வொரு தாளும் அவர் மேசையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். 'கத்தரிக்கோல்' என்று பட்டம் சூட்டிய விற்பனைப் பிரிவுக்காரர்கள் அவரைக் கண்டால் வேறு லிஃப்டில் ஏறுவார்கள்.

இந்த வியாதி அலுவலகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "இந்தச் செருப்பு எனக்கு எப்படிங்க இருக்கு?" என்று மனைவி ஆசையாகக் கேட்டார். "உயரமாக் காட்டுது. குதிகால் வலி வரலாம்" என்றார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைக் கொள்ளை அழகு என்று ஊரே கொஞ்சியது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணு ரெண்டும் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை இது மகளின் கழுத்துக்கே கத்தியாக வந்தது. அவள் விரும்பும் பையனின் பெற்றோர் பேச வருகிறார்கள். "அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மத்த அப்பாக்கள் மாதிரி இருங்கப்பா. அவங்க அம்மாவுக்கு இன்னும் மனசு ஒப்பல. ஏதாவது கோணலாப் போச்சுன்னா அவ்வளவுதான்" என்று காலையிலிருந்து கெஞ்சினாள். அவரும் உண்மையாகத்தான் தலையாட்டினார், பாவம்.

வந்தவர்கள் டீயைக் கையில் எடுத்தார்கள். "உங்க பொண்ணைப் பத்தி நீங்களே சொல்லுங்கண்ணா" என்றார் பையனின் அம்மா.

"நல்ல பொண்ணுதான்" என்று ஆரம்பித்தார். மனைவிக்கு உயிர் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம், நாக்கு சொன்ன பேச்சைக் கேட்டால்தானே? "காலையில காபிக்கு முன்னாடி பேச்சுக் கொடுத்தா எரிச்சல் ஏற்படலாம். ஈரத் துண்டைக் கட்டில் மேலயே போடுவா. அபூர்வமா, கோவம் வந்தா கதவு உடையலாம். இந்த வீட்ல ஒண்ணு உடைஞ்சிருக்கு."

மகள் விட்டத்தைப் பார்த்தாள். பையனின் அப்பா வாயிலிருந்த டீயை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் விழித்தார். பையனின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்போ என் பையன் கட்டிக்கலாமா, வேணாமா? நீங்களே சொல்லிடுங்க."

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. உங்க பையன்தான் முடிவு பண்ணணும்."

திடீரென்று அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். "எங்க மாமனார் இப்படி ஒரு வார்த்தை சொல்லலியேண்ணா! பையன் தங்கம், வைரம்னாரு. கல்யாணத்துக்கப்புறம்தான் இவரு குறட்டையே எனக்குத் தெரிஞ்சுது!" கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கேட்டுக்கோங்க, எங்க பையனும் லேசுப்பட்டவன் இல்ல. குளிக்கப் போனான்னா மத்தவங்க தண்ணிய மறந்துட வேண்டியதுதான். வழி தப்பினாலும் யார்கிட்டயும் கேக்க மாட்டான்." கத்தரிக்கோல் சார் ஒவ்வொன்றுக்கும் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார். இப்படி ஒழுங்காக விவரம் சொல்கிற சம்பந்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவர் மனம் நிறைந்துவிட்டது.

"சரிண்ணா, எங்களுக்குப் பூரண சம்மதம். பொண்ணை எப்போ எங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கிறீங்க?"

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பிஸ்கட் தட்டை எடுப்பதுபோல நீண்ட அவர் கை, தட்டைத் தாண்டிப் போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.