வெயில் படாத பக்கம்

பழசானதையெல்லாம் கிளாசிக் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. துருப்பிடித்த ஸ்கூட்டரைக் கழுவி டீக்கடை வாசலில் நிறுத்திவிட்டு விண்டேஜ் என்று போர்டு வைக்கிறார்கள். பழசாவதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா கிடந்தாலே போதும். கிளாசிக் வேறு. அதை என் ஒன்பதாவது வயதில், ஷார்ஜாவில், ஒரு கேரவனுக்குள் நின்று பார்த்தேன். முடிவு சொன்னவர் ஒரு அதிகாரி. சொல்ல வைத்தவர் என் அம்மா.

அப்பா ஒரு கராஜில் ஃபோர்மேன். முவைலா என்ற பகுதியில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருந்தோம். கராஜின் சொந்தக்காரர் வயதான அரபுக்காரர். முதலாளி என்ற அர்த்தத்தில் அர்பாப் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவரிடம் ஒரு கேரவன் இருந்தது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி. குளிர்காலத்தில் பிள்ளைகளோடு பாலைவனத்துக்குப் போய் அதில்தான் தங்குவாராம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அது கராஜின் பின்புறம் வெயிலில் நின்றது. அவருடைய மகனுக்கு அந்த இடம் தேவைப்பட்டது. கிளாசிக் என்று பதிவு கிடைத்தால் வண்டி இருக்கட்டும், கிடைக்காவிட்டால் மறுநாளே ஸ்கிராப் என்று சொல்லிவிட்டான். கிழவரும் தலையாட்டிவிட்டார்.

முப்பது வயதானால் கிளாசிக், அதற்கும் மேலே போனால் விண்டேஜ் என்று அப்பா வீட்டில் சொன்னார். ஆனால் வயது மட்டும் பத்தாது, வண்டி பிறந்தபோது இருந்த சாமான்களே இருக்க வேண்டும் என்றார். சொன்னாரே தவிர, அவர் மண்டையில் அது ஏறவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த ஒரே பாராட்டு, ‘புதுசு மாதிரி இருக்கு’ என்பதுதான். மெத்தைகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, ரெக்சின் போட்டுத் தைத்துக் கொடு என்று அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா துணியைக் கிள்ளிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார்.

“நல்ல துணிங்க இது. வெளுத்திருக்கு, நைஞ்சு போகல. ரெக்சினப் போட்டா பஸ் சீட்டு மாதிரில்ல இருக்கும்?”

“என்னமோ பண்ணு. புதுசு மாதிரி இருந்தாச் சரி.”

அது நெய்த துணி. நம் கைலியைப் போல இரண்டு பக்கமும் ஒரே கட்டம். மேல்பக்கம் வெயில் குடித்துத் தேயிலைச் சக்கை நிறத்தில் இருந்தது. அம்மா தையலைப் பிரித்து உள்பக்கத்தைத் திருப்பினார். ஆரஞ்சும் பழுப்புமாகக் கட்டங்கள் பளிச்சென்று இருந்தன. அப்பாவின் சட்டைக் காலர் தேய்ந்தால் திருப்பித் தைக்கிற அதே வேலைதான். பத்து நாள் மதியச் சமையலுக்குப் பிறகு உட்கார்ந்து, பழைய ஊசித் துளைகள் வழியாகவே மறுபடி தைத்தார். அப்படிப்பட்ட கையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

பள்ளிக்கூட லீவில் ஒரு நாள் மெத்தைகளை வண்டியில் பொருத்திப் பார்க்க அம்மாவும் போக வேண்டியிருந்தது. நானும் ஒட்டிக்கொண்டேன். பதிவுக்காக வண்டியைப் பார்க்கச் சாயங்காலம் வர வேண்டிய அதிகாரி காலையிலேயே வந்துவிட்டார். கந்தூரா என்கிற வெள்ளை அங்கி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். அர்பாபும் அவர் மகனும் பின்னாலேயே வந்தார்கள். அப்பா எங்களை ஒரு ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்.

அதிகாரி டார்ச் அடித்து அடியில் பார்த்தார், கைப்பிடிகளைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டார். அர்பாப் ஒவ்வொரு டிக்குக்கும் மூச்சு விட்டார். கடைசியில் மெத்தையைப் பார்த்ததும் பேனா நின்றது.

“ஆல் லைக் நியூ, சார்” என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே. இதைவிட மோசமாக ஒரு மனிதன் வாயைத் திறக்க முடியாது.

இது புதுத் துணி, முதலில் இருந்த துணியை மாற்றிவிட்டீர்கள், இதைக் கிளாசிக் என்று எழுத முடியாது என்றார் அதிகாரி. அர்பாப் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார். யார் தைத்தது என்று அடுத்த கேள்வி வந்தது.

“ஷாப், சார். டெய்லர் ஷாப், ரோலா பஜார்.”

அம்மா இருந்தது அப்பாவின் விசாவில். வீட்டில் இருக்கலாம், சமைக்கலாம், பிள்ளை வளர்க்கலாம். தனி அனுமதி இல்லாமல் வேலை செய்யக்கூடாது. மாட்டினால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அக்கம்பக்கத்து ஃபிளாட்களில் எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலம். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அப்பா பொய் சொல்கிறார். அம்மாவின் பத்து நாள் வேலையை எவனோ ஒரு டெய்லருக்குக் கொடுக்கிறார்.

முன்னால் போய் நின்று, பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் கணீரென்று சொன்னேன். கடை இல்லை, என் அம்மாதான் வீட்டில் தைத்தார், எப்போதுமே அவர்தான் தைப்பார் என்றேன்.

அப்பாவின் முகம் செத்துப்போனது. “கழுத, வாய மூடு” என்றார் தமிழில். அதிகாரி அப்பாவைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். கைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, தான் தைத்த தையலைத் தானே கரகரவென்று பிரித்தார். அப்பா, “ஏய், ஏய்” என்றார். அம்மா திரும்பவே இல்லை. துணியை உரித்து உள்பக்கத்தை மேலே விரித்தார். வெளுத்துப்போன பரப்பு. அதன் நடுவில் குறுக்கே ஒரு கோடு மட்டும் வெளுக்காமல் அடர்த்தியாக இருந்தது. துணியை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். ஜன்னல் சட்டத்தின் நிழல் அந்தக் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷமும் அந்த நிழல் விழுந்த இடம் மட்டும் வெயிலுக்குத் தப்பியிருந்தது.

“தேக்கோ சாப். புரானா. சேம் கப்டா” என்றார் அம்மா. பாருங்க சார், பழசு, அதே துணி என்று அர்த்தம்; அவருக்குத் தெரிந்தது இப்படி அரைகுறை இந்திதான்.

அதிகாரி குனிந்து கோட்டை விரலால் தடவினார். பழைய ஊசித் துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“உனக்குக் கடை இருக்கிறதா?” என்று இந்தியில் கேட்டார்.

“மாஃபி ஷாப். கர் கா காம்.” கடை இல்லை, வீட்டு வேலை.

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபைலில் ஏதோ எழுதினார். “கலாஸ். கிளாசிக்” என்றார். கலாஸ் என்றால் முடிந்தது.

அர்பாப் உடனே விண்டேஜ் கிடையாதா என்று கேட்டார். அதற்கு இன்னும் வயதாக வேண்டும், நீங்களும் நானும் காத்திருப்போம் என்று அதிகாரி சிரித்தார். கிழவரும் சிரித்தார். மகன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அம்மா அங்கேயே உட்கார்ந்து மெத்தையைத் திரும்பத் தைத்தார். நூலைக் கோர்க்க நாலைந்து தடவை ஆனது. அம்மாவுக்கு ஒரே தடவையில் கோர்க்க வரும். வண்டிக்குள் சரியான வெளிச்சம் இல்லை என்று நினைத்து ஜன்னல் திரையை இன்னும் கொஞ்சம் விலக்கிவிட்டேன்.

வீடு வரும்வரை அப்பா பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஜெயித்துவிட்டு வருகிற ஆட்கள் இப்படியா வருவார்கள் என்று எனக்குக் கோபம். நான் சொன்னதால்தானே வண்டி பிழைத்தது? அதற்கும் ஒரு பாராட்டு இல்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் அம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். என் அம்மா ஷார்ஜாவிலேயே சிறந்த டெய்லர் என்று தொடங்கி, எங்கள் தெருவில் யார் யாருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறார் என்பதுவரை ஒரு பக்கம் எழுதினேன். அப்பா கையெழுத்துப் போட நோட்டை வாங்கினார், படித்தார், அந்தத் தாளைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன். அவர் தூங்கப் போனதும் அதே கட்டுரையை இன்னும் அழகான கையெழுத்தில் எழுதி, மறுநாள் டீச்சரிடம் கொடுத்தேன்.