யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?

எனக்குப் படிவம் என்றாலே எரிச்சல். அரசுப் பள்ளியில் காலம் தள்ளியவளுக்கு வேறு எப்படி இருக்கும்? சுனாமிக்கு முன்னால், கடல் என்று ஒன்று பக்கத்தில் இருப்பதே எங்கள் கல்வி ஆபீசுக்குத் தெரியாது. அது வந்து அடித்துவிட்டுப் போன பிறகு ஒரே சுற்றறிக்கை மழை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, எங்கள் ஆபீசுக்கு அதுதான் தினப்படி பூஜை.

அப்படி வந்த ஒரு படிவத்தில், ஆபத்து நேரத்தில் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பெயர், உறவு, முகவரி, பெற்றோர் கையெழுத்து. என் ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் குருசுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அந்த வீடுகளில் படிவம் நிரப்புவது பிள்ளைகளின் வேலை. ரேஷன் கார்டு மனுவாகட்டும், நிவாரண மனுவாகட்டும், பிள்ளை எழுதும், அப்பா கைநாட்டு வைப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவும் மாட்டார். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இருந்தும் கைநாட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, கட்டாகக் கட்டி, தலைமையாசிரியர் பீரோவில் வைத்துவிட்டேன். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தெற்கே தாய்வீட்டுக்குப் போன அவள் அம்மாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. பள்ளி விட்டதும் என் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசல்வரை கூடவே வருவாள். நான் ஒண்டிக்கட்டை. அண்ணன் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்து பாரிசுக்குப் போய்விட்டார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் நின்றேன். அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

"வூட்ல யாருமே இல்லியா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஏன், நான் ஒருத்தி இருக்கேனே, ஆளாத் தெரியலையா உனக்கு?" என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் சிரித்தாள். உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து நிமிட நடையை விட்டால் பள்ளிக்கு வெளியே நான் யாரோடும் பேசாத நாட்கள்தான் அதிகம்.

அடுத்த வருடம் ஒரு மதியம், மறுபடியும் அலை வருகிறது என்று புரளி கிளம்பியது. போலீஸ் ஜீப் மைக்கில் கத்திக்கொண்டே போனது. தலைமையாசிரியர் பள்ளியில் இல்லை. எங்கே போயிருந்தார்? பேரிடர் முன்னேற்பாட்டுக் கூட்டத்துக்கு! பீரோ சாவியும் அவர் பையில். அடக் கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டு பிள்ளைகளை மாடிக்கு ஏற்றினேன். அம்மாக்கள் தலைவிரி கோலமாக ஓடிவந்தார்கள். முகத்தைப் பார்த்துப் பார்த்து அனுப்பினேன். சாயங்காலம் அந்தப் பெண் மட்டும் மிச்சம்.

மாடி ஜன்னலில் இருவரும் நின்றோம். கடல் சும்மா கிடந்தது. நான்தான் தெருமுனையை எட்டி எட்டிப் பார்த்தேன். இவள் அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ?

"அப்பா போட்டாண்ட இருக்கும் டீச்சர். மேல ஏத்திக் கட்டணும் இல்ல" என்றாள், நிதானமாக.

"பொண்ணு பெருசா, போட்டு பெருசா உங்கப்பாவுக்கு?"

அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

இருட்டும் நேரத்தில், இடுப்புவரை ஈரத்தோடு அவள் அப்பா வந்தார். வாய்க்கு வந்தபடி ஏசினேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டவர், "எதுனா ஒண்ணுன்னா டீச்சர் பாத்துக்குவாங்க, பாரத்துல எழுதியிருக்கேன்னு பாப்பாதான் சொல்லுச்சி. நானும் கை வெச்சேன். அந்தத் தைரியத்துலதான் டீச்சர் கரையாண்ட இருந்துட்டேன்" என்றார்.

மறுநாள் பீரோவைத் திறந்து கட்டைப் பிரித்தேன். பெயர் என்ற இடத்தில் என் பெயர். முகவரியில் என் தெருவும் வீட்டு நீல கேட்டும். உறவு என்ற இடத்தில், அடித்து அடித்து எழுதி, கடைசியில் 'எங்க டீச்சர்'.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "ரத்த சம்பந்தம் இல்லாம போடக்கூடாதும்மா. நாளைக்கு ஆடிட்டு வந்தா யாரு பதில் சொல்றது? மாத்திடுங்க."

சாக்பீஸ் குறைந்தால்கூட அந்த மனிதரோடு மல்லுக்கு நிற்பவள் நான். அன்றைக்கு என் வாய் எங்கே போயிற்றோ தெரியவில்லை. இல்லை, தெரியும். பயம். ஒரு பிள்ளையின் பொறுப்பு எழுத்தில் என் தலையில் விழுகிறதே என்ற பயம். அவளைக் கூப்பிட்டு வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அரியாங்குப்பத்தில் ஒரு அத்தை என்றாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம். வெள்ளமோ அலையோ வந்தால் அந்த அத்தை பாலம் தாண்டி வந்து சேர்ந்த மாதிரிதான்! ஆனால் ரத்த சம்பந்தம் இருக்கிறதே. அவள் பார்க்கப் பார்க்க, சிவப்பு மையால் என் பெயரை அடித்துவிட்டு அத்தையின் பெயரை எழுதினேன்.

"சரிங்க டீச்சர்" என்றாள். அன்று சாயங்காலம் நோட்டுக் கட்டை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு எல்லா நாளும் நானேதான்.

சில வருடம் கழித்து ஆசிரியர்களுக்கும் அதே மாதிரி ஒரு படிவம் வந்தது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தை நான் காலியாக விட்டுக் கொடுத்தேன். "யாராவது ஒருத்தர் பேரு போடுங்க மேடம், காலியா விடக்கூடாது" என்று கிளார்க் திருப்பி அனுப்பினார். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெயர்தான் மனசில் வந்தது. குருசுக்குப்பத்திலிருந்து ஓடிவந்தால் என் வீடு ஐந்து நிமிடம். வழியும் அவளுக்குத் தெரியும். கூப்பிட்டால் வந்திருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுவது?

பாரிசில் இருக்கும் அண்ணன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.