மெரில் ஆன் தலைவியாக இருந்த எட்டரை மாதம்

மெரில் ஆன் டட்வைலர் எங்கள் சொராரிட்டிக்கு, அதாவது கல்லூரி மாணவிகள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் சங்கத்துக்கு, தலைவியானதற்குக் காரணம் திறமை அல்ல, சளிக்காய்ச்சல். ஜனவரியில் நடந்த தேர்தல் கூட்டத்துக்கு வராமல் படுத்திருந்தாள். வராதவளால் மறுக்க முடியாது என்பதால் சங்கத்துச் சகோதரிகள் நூற்று நாற்பது பேரும் ஒருமனதாக அவளையே தேர்ந்தெடுத்தோம். செயலாளர் என்ற முறையில் செய்தியைச் சொல்ல அவள் அறைக்கு நான்தான் போனேன்.

"வாழ்த்துகள்டி, தலைவி."

மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "நான் என்னடி தப்பு பண்ணேன்?"

அவள் அலபாமாவின் தென்கோடியில் கோழிப்பண்ணை வைத்திருந்தவரின் மகள். கல்லூரியில் படித்ததும் கோழி வளர்ப்புதான். ஆறு வெள்ளைத் தூண்கள் கொண்ட எங்கள் சங்க வீட்டில், தான் என்ன படிக்கிறோம் என்று ஒரே வரியில் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே அவளைக் கொஞ்சம் தாழ்வாக நினைத்தோம்.

தலைவி வேலை என்பது பெரும்பாலும் பஞ்சாயத்து. யார் யாருடைய பழைய காதலனோடு நடனத்துக்குப் போனாள், யார் யாருடைய உடுப்பைக் கேட்காமல் போட்டுக்கொண்டாள். கூடத்துச் சுவரில் 'என்றென்றும் சகோதரிகள்' என்று பொன்னெழுத்தில் இருக்கும். பத்தடி தள்ளி, குளிர்பெட்டிக் கதவில், 'என் தயிரைத் தின்றவள் நரகத்துக்குப் போவாள்' என்று ஒரு சீட்டு. மெரில் ஆன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பாள், தீர்த்துவைப்பாள். யாரும் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

அவளுக்கு மேலே மிஸ் வெர்னாடா கல்பெப்பர் இருந்தார். நாற்பது வருடம் முன்பு இதே வீட்டில் இருந்தவர். இப்போது ஆலோசகர். ஆலோசனை என்றால், அவர் சொல்வார், நாங்கள் செய்வோம்.

ஆகஸ்டில் புதுப் பெண்களைச் சேர்க்கும் வாரம் வந்தது. அந்த வாரம் முதலாண்டுப் பெண்கள் வீடு வீடாக வருவார்கள். கதவு திறந்ததும் அறுபது பேர் ஒரே நிற உடையில் வாசலை அடைத்துக்கொண்டு கைதட்டிக் கத்துவோம். அந்த வெயிலில் அதற்குப் பெயர் வரவேற்பு. பிறகு தேநீரும் பேச்சும். பையன்கள், மது, தேர்தல், சாமி, பணம் ஆகிய ஐந்தைப் பற்றியும் பேசக் கூடாது. மிச்சம் இருப்பது வெயில். ஒரு வாரம் முழுக்க வெயிலைப் பற்றிப் பேசியே ஒருத்தியின் குணத்தை அளந்துவிடுவோம்.

மூன்றாம் நாள் மிஸ் வெர்னாடாவின் அண்ணன் மகள் ஹோலிஸ் வந்தாள். அவளைத் தலைவியே உபசரிக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பக்கத்தில் நின்று நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"வீடு பிடிச்சிருக்கா?" என்றாள் மெரில் ஆன்.

"ரொம்ப அழகா இருக்கு. தயவுசெஞ்சு என்னைச் சேத்துக்காதீங்க."

ஹோலிஸின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பேச்சு மட்டும் மிக மெதுவாக வந்தது. "நான் காலேஜ் பேண்டுல டியூபா ஊதுறேன், அந்தப் பெரிய பித்தளைக் குழல். தினம் சாயங்காலம் பயிற்சி. இங்க சேந்தா அத்தை அதை விடச் சொல்லிடுவாங்க. வேணாம்னு நானே சொன்னா வீட்டுல எல்லாரும் உக்காந்து அழுவாங்க."

"அத்தைகிட்ட சொல்லிப் பாக்கலாமே."

"நீங்க அவங்ககிட்ட எதையாவது சொல்லிப் பாத்திருக்கீங்களா?"

மெரில் ஆன் அவள் தட்டில் இன்னொரு பிஸ்கட்டை வைத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

"மாட்டேன்."

முன்னாள் உறுப்பினரின் வீட்டுப் பெண் என்றால் பெயர் தானாகவே சேர்ப்புப் பட்டியலில் ஏறிவிடும். அதை நீக்குகிற உரிமை தலைவிக்கு மட்டுமே. அன்று மாலை மெரில் ஆன் என்னிடம் ஹோலிஸின் பெயரை அடிக்கச் சொன்னாள்.

"காரணம்னு என்ன எழுத?"

"என்னோட முடிவுன்னு எழுது."

மறுநாள் காலை மிஸ் வெர்னாடா வந்து மெரில் ஆனின் கன்னத்தைத் தடவினார். "கண்ணு, உன் மனசு தங்கம்டி." எங்கள் ஊரில் இது பாராட்டு அல்ல, இதைக் கேட்டவள் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிடலாம்.

"எங்கம்மா இந்தச் சங்கத்துப் பொண்ணா இந்தப் படியில எறங்கினாங்க. நான் எறங்கினேன். எங்க ஹோலிஸுக்கு என்ன கொறைச்சல்?"

"ஒரு கொறையும் இல்ல மேடம். என்னோட முடிவு."

"கோழி மேய்க்கிறவகிட்ட வீட்டைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்."

"கோழியும் கொத்தும் மேடம். ஆனா கொத்துறதுக்கு முன்னாடி தங்கம்னு சொல்லாது."

செப்டம்பரில் சங்கத்தின் தலைமையகத்திலிருந்து முத்துமாலை அணிந்த இரண்டு பெண்கள் விசாரணைக்கு வந்தார்கள். குற்றம், சகோதரி உணர்வுக்குப் பங்கம் விளைவித்தது. தலைவிக்காகப் பேச விரும்புகிறவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். எல்லாரும் தத்தம் நகங்களைப் பார்த்தோம். என் கை குறிப்பெழுதிக்கொண்டிருந்தது, அதனால் உயரவில்லை. ஹோலிஸின் ரகசியத்தைக் காப்பாற்றத்தான் வாயைத் திறக்கவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைக் காப்பாற்றியவள் மெரில் ஆன். நான் காப்பாற்றியது, மிஸ் வெர்னாடா எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்த சிபாரிசுக் கடிதத்தை.

வாக்கெடுப்பில் பதவியும் போயிற்று, வீட்டில் இருந்த அறையும் போயிற்று. அவள் அப்பாவின் வண்டியில் பெட்டிகள் ஏறும்போது, விலக்கி வாக்களித்த அத்தனை பேரும் வரிசையில் நின்று கட்டிப்பிடித்து அழுதார்கள். சிலர் கண்ணீர் காய்வதற்குள் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

நவம்பரில், ஹோலிஸ் குடும்பத்தின் நன்றித் திருநாள் விருந்தில், வான்கோழியை வெட்டும் முன்பே மிஸ் வெர்னாடா மெரில் ஆனைத் திட்ட ஆரம்பித்தாராம். ஹோலிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னைச் சேக்க வேணாம்னு நான்தான் கெஞ்சிக் கேட்டேன் அத்தை." அதற்கு மிஸ் வெர்னாடா கேட்டது ஒன்றுதான்: "கிரேவி யாருக்கு வேணும்?" இதை ஹோலிஸே என்னிடம் சொன்னாள்.

டிசம்பரில் தலைமையகத்துக் கடிதம் வந்தது. 'சிறு புரிதல் பிழை' என்றும், பதவியைத் திருப்பித் தருவதில் மகிழ்ச்சி என்றும் எழுதியிருந்தார்கள். பதவிக்காலம் முடிய மூன்று வாரம்தான் இருந்தது, அதிலும் பாதி விடுமுறை. கடிதத்தை எடுத்துக்கொண்டு கல்லூரிக் கோழிப்பண்ணைக்குப் போனேன். அவள் குஞ்சுகளை எடைபோட்டுக்கொண்டிருந்தாள். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாள்.

"வேணாம்னு மரியாதையா எழுதிடு. உனக்குத்தான் நல்லா எழுத வருமே."

"அன்னைக்கு ஹோலிஸ் சொன்னது எனக்கும் கேட்டுச்சுடி. விசாரணையில..."

"தெரியும்."

"கோவம் இல்லையா?"

"இருக்கு. இன்னும் முந்நூறு குஞ்சு இருக்கு. கையுறை அந்த ஆணியில தொங்குது."

மதியம் வரை எடைபோட்டோம். நான் எடையைச் சொல்ல, அவள் எழுதினாள். அதற்குப் பிறகு அவளாக என்னை அழைத்ததே இல்லை. இப்போது அவள் சொந்த ஊரில் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறாள், நாற்பது பேர் அவளிடம் வேலை பார்க்கிறார்கள். ஹோலிஸின் கல்யாணத்தில் மணப்பெண் தோழியாக நின்றவள் அவள்தான். எனக்கும் அழைப்பு வந்திருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, கேக் வெட்டும் முன்பே கிளம்பி வந்துவிட்டேன்.